தங்கக் குண்டு விஷயமாக மகளுக்கு

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா காளியண்ணன் எழுதிக்கொள்வது. கொல்லிமலையில் நானும் உன் அம்மா இருசாயியும் மாடுகள் இரண்டும் மிளகுக் கொடியும் சௌக்கியம். ராகி மட்டும் இந்த வருஷமும் குலைநோயில் படுத்துவிட்டது. கோயமுத்தூர் விவசாய ஆராய்ச்சி ஆபீஸில் உன் சௌக்கியத்துக்கும் உன் துப்பாக்கியின் சௌக்கியத்துக்கும் எழுதவும். போனில் சொன்னால் பாதியில் சிரித்து வைத்துவிடுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

மலையிறங்கி சேந்தமங்கலத்தில் குடியேறிய நம் சொந்தக்காரர் மாணிக்கமும் அவர் சம்சாரம் பாவாயியும் தங்கள் மகனுக்கு உன்னைக் கேட்டு நேற்று வந்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறியதால் பாவாயி வந்ததே கோபத்தோடுதான். பெண் என்ன வேலை பார்க்கிறது என்று மாணிக்கம் கேட்டார். நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்: நோய் தாங்கும் மரபணுவைக் குண்டில் தடவி, துப்பாக்கியில் போட்டு, ராகிமேல் சுடுவாள், அது உயிரோடிருக்கிற செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று. அணு, குண்டு, துப்பாக்கி மூன்றும் ஒரே மூச்சில் வந்து விழும் என்று நான் கண்டேனா? மாணிக்கம் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, புள்ள அணுகுண்டு ஆபீஸ்லயா இருக்குதுங்க?" என்றார். உன் அம்மா காப்பாற்ற வந்தாள். "ஆளச் சுடறதில்லீங்க, ராகியத்தான் சுடுது." "ராகி என்ன பாவம் பண்ணுச்சுங்க?" என்றது பாவாயி. சம்பந்தம் கைநழுவுகிறதே என்ற பதற்றத்தில், "சாதாக் குண்டு இல்லீங்க, தங்கக் குண்டு" என்று உள்ளதைச் சொன்னேன்.

பாவாயிக்கு வாந்தி மயக்கமெல்லாம் தெளிந்துவிட்டது. "தாலிக்கொடியில கோக்கற குண்டுங்களா?" "தங்கம்னா தங்கந்தானுங்க." "ஒரு நாளைக்கு எத்தனை சுடும்?" "அது லட்சக்கணக்குல போகுமுங்க." இதில் பொய் ஒன்றுகூட இல்லை, கண்ணு. ஒவ்வொரு குண்டும் கண்ணுக்கே தெரியாத தூசு என்பதை அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது அந்தம்மா உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "நகை நட்டு ஒண்ணும் வேண்டாமுங்க. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாரோமுங்க, புள்ள வாரப்ப குண்டு ஒரு கைப்பிடி கொண்டாரட்டும், போதும்" என்றது. நல்ல இடம், பையனும் தங்கமான பையன். உனக்கும் வயசு ஏறுகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுடுகிற வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறி வா. குண்டை ஆபீஸில் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். ராகி எங்கே ஓடிப்போகிறது, கல்யாணத்துக்குப் பிறகு சுட்டுக்கொள்.

அறப்பளீஸ்வரர் உன்னையும் உன் துப்பாக்கியையும் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா காளியண்ணன்

பின்குறிப்பு: எழுதியதை உன் அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இத்தனை பேச்சுல, அந்த ராகி பொழைக்குமான்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளே பாவாயிக்குப் போன் போட்டு, குண்டு வெறும் தூசு என்பதையும் சம்பந்தம் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், சாமி. அந்த ராகி பொழைக்குமா, அதை மட்டும் எழுது.