துக்கம்: இல்லை

கர்த்தருக்குள் பிரியமான ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தாராவி தமிழ்ச் சபைக் காரியதரிசி தவசிமுத்து வந்தனம் சொல்லி எழுதுவது. உங்கள் வீட்டார் அனைவரும் சுகமாயிருக்க விண்ணப்பம் பண்ணுகிறேன். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படிக்கவும்.

நம் மாத இதழுக்குப் பத்தொன்பது வருடமாகத் தாராவிச் செய்தி அனுப்புகிறவன் நான். சந்தோஷம், துக்கம், நடவடிக்கை என்று மூன்று தலைப்பு. இந்த மாதம் நான் ‘துக்கம்: இல்லை’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, “உங்கள் மனைவி சற்குணம் அம்மாள் போன மாதம் காலமானதாகக் குருவானவர் போனில் சொன்னாரே, விட்டுப்போயிற்றா?” என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுப்போகவில்லை ஐயா, தெரிந்துதான் எழுதினேன். அது அப்படியே அச்சுக்குப் போகட்டும்.

முதல் காரணம், இப்போது சரிபார்க்க ஆளில்லை. எழுதியதை நான் உரக்க வாசிப்பேன், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே திருத்துவாள். “அந்தத் தாத்தாவுக்கு எழுபத்தாறு இல்ல, எழுபத்தெட்டு. அவிய வயசை நீங்க எதுக்குக் குறைக்கிய?” என்பாள். அவள் இல்லாமல் நான் எழுதிய லட்சணத்தைப் பார்த்திருப்பீர்கள். சந்தோஷம் பகுதியில் மாப்பிள்ளை செல்வத்துக்கும் அவன் மாமியாருக்கும் கல்யாணம் நடத்தி வைத்திருக்கிறேன். மணப்பெண்ணை ‘பெண்ணின் தாயார்’ என்று போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைத் திருத்திவிடுங்கள், இல்லாவிட்டால் செல்வம் என்னைச் சயான் ஸ்டேஷன் வரை துரத்துவான்.

‘அசனப் பண்டிகை இனிதே நடந்தது’ என்று எழுதியதும் பாதிப் பொய். சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடும் அந்த நாளில், கறிக்குழம்பு அண்டாவில் உப்பு பார்ப்பது வருஷா வருஷம் சற்குணம்தான். இந்த வருஷம் மற்றவர் பார்த்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் விட்டுவிட்டார்கள். அறுநூறு பேருக்கு உப்பில்லாத குழம்பு! வாளி தூக்கி வந்த பூதத்தான் (நம் சபை ஆள் இல்லை, எதிர்க்கடைக்காரன், பரிமாற மட்டும் தவறாமல் வருவான்) என் காதில் வந்து, “அரே மாமா, ஏன் யாருமே ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ?” என்றான். பாட்டுப் புத்தகம் கிழிந்திருந்தாலே கமிட்டி கூட்டிச் சண்டை போடுகிற சபை ஐயா இது. அன்றைக்கு ஒருத்தரும் உப்பு கேட்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார்கள், குனிந்து சாப்பிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதியிருப்பேன்! பேனா ஒருநாளும் நின்றதில்லை. இந்தத் தடவை ‘திருமதி’ வரைக்கும் எழுதினேன். மேலே எழுதினால் அவள் போனது உறுதியாகிவிடும் என்று பயமாக இருந்தது. காலையில் இன்னும் இரண்டு டம்ளர் டீ போட்டு இரண்டையும் நானே குடிக்கிறேன். ஆகவே துக்கம் இல்லை என்றே போடுங்கள். இந்தக் கிழவனுக்காக ஒரு பொய்யை அச்சடித்ததற்குக் கர்த்தர் உங்களைக் கோபிக்க மாட்டார். கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தாருக்கும் அச்சகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆண்டவர் நிறைவான சமாதானம் தருவாராக.

இப்படிக்கு,
சபைப் பணியில் உங்கள்
தவசிமுத்து

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அடுத்த கோலியில், அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டில், குடியிருக்கும் சாயிரா வந்தாள். சற்குணத்தோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள் அவள்தான். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. “அண்ணே, அக்காவைப் பத்தி ஒங்க புக்குல போட்டிருப்பியளே, வாசிச்சுக் காட்டுங்க” என்றாள். போடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? போன மாத இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதுபோலவே வாசித்தேன்: “தாராவி சபையைச் சேர்ந்த திருமதி சற்குணம் தவசிமுத்து, வயது அறுபத்துமூன்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.” முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன் ஐயா. அவள் அழுதாள். நானும் அழுதேன், அடக்கத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பக்கத்தை எனக்குக் குடுங்கண்ணே, பீரோவுல பத்திரமா வெச்சுக்கிடுதேன்” என்றாள். அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் ‘துக்கம்: இல்லை’ என்பதை அடித்துவிட்டு, நான் வாசித்ததை அப்படியே போடுங்கள். இரண்டு பிரதி அனுப்புங்கள்.