மாடி வீட்டுக் கல்லுநக்கி

கல்லுநக்கியைப் போல ஒரு பெண் தென்காசிப் பக்கம் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் என் வீட்டு மாடிக்குத்தான் குடிவர வேண்டும். வேறு எவளும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு சாரல் நாளில் ஒரு பையும் சுத்தியலுமாக வந்து நின்றாள். ராயகிரிக்காரி. அப்பாவுக்கு அங்கே டீக்கடை. பேங்கில் கடன் வாங்கி ஜியாலஜி என்று பூமியைப் பற்றி பி.எஸ்சி. படித்தவள், கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அந்த அப்பா. வாடகை பேசுவதற்கு முன்பே குனிந்து என் வாசற்படியை ஒரு நக்கு நக்கினாள்.

“ஏட்டி! என்ன பண்ணுதே?”

“என்ன கல்லுன்னு பாக்கேன் ஆச்சி. ஈரம் பட்டாத்தான் மூஞ்சியக் காட்டும்.”

“எங்க மாமனார் மலையில இருந்து வண்டி கட்டிக் கொண்டாந்த கல்லுட்டி அது.”

“அவரு பொறக்குததுக்கு முன்னாடியே இது முழிச்சிருக்கு ஆச்சி. நீங்க மிதிக்கும்போது பாத்துக்கிட்டுதான் இருக்கும்.”

அன்றிலிருந்து அந்தப் படியை நான் தாண்டித்தான் வருகிறேன்.

என் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். திடீரென்று தரையில் காதை வைத்து, “சத்தம் போடாதீங்க ஆச்சி, கீழ ஏதோ நகருது” என்பாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைப்பேன். அவள் எழுந்து இன்னொரு தோசை கேட்பாள்.

மாடி ஜன்னலில் கூழாங்கற்களை இரண்டு குவியலாக வைத்திருந்தாள். இடது பக்கம் கடன், வலது பக்கம் சம்பாத்தியம். போர்வெல்காரர்களுக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்லிக் கூலி வந்தால் வலது பக்கம் ஒரு கல் ஏறும். ஆனால் நான் பெருக்கப் போகும்போதெல்லாம் இடது குவியல்தான் உயர்ந்திருக்கும்.

“ஏட்டி, இத நீதான வச்சே?”

“நான் வைக்கல ஆச்சி. வட்டி வைக்குது.”

சிரிக்காமல் சொல்வாள். அதற்கப்புறம் அந்த அறையைத் தனியாகப் பெருக்க எனக்குக் கால் வரவில்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வாய் சும்மா இராது. “நர்ஸுக்குப் படிச்சிருந்தா இந்நேரம் கடனும் தீந்திருக்கும், கழுத்துல ரெண்டு பவுனும் கெடக்கும். மண்ணப் படிச்சி என்னத்தக் கண்டே?”

“நர்ஸு பாக்குத ஆளெல்லாம் கடைசியில மண்ணுக்குத்தான அண்ணாச்சி வரணும்? நீங்களும் நிதானமா வாங்க.”

அண்ணாச்சி ஒரு வாரம் வாசலுக்கே வரவில்லை.

தண்ணீர் பார்க்க அவள் நாலு இரும்புக் கம்பிகளை வரிசையாகத் தரையில் அடித்து, வயர் கட்டி, நடுவில் கரண்டு விட்டுப் பார்க்கிற ஒரு பெட்டியை வைப்பாள். நம் ஊரில் தரையில் இரும்பு அடித்தால் அது பேய்க்கட்டுதானே? ஆய்க்குடியில் ஒருத்தி மருமகளையே கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள், பேயை ஓட்டிவிடச் சொல்லி.

அப்படிக் கேள்விப்பட்டுத்தான் புளியறைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஆள் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். தோப்புக்குள் இருப்பது குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு அவர் வாடகைக்கு விடுகிற பங்களா. மூலை அறையில் உச்சிவெயிலில் தரைக்கடியில் முனகல் கேட்கிறதாம். வந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் ஓடுகிறார்களாம்.

நானும் கேட்டேன். யாரோ வாயை மூடிக்கொண்டு தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் பின்பக்கம் கம்பி அடித்துப் பெட்டியைப் பார்த்தாள். “தண்ணியும் இல்ல, பொந்தும் இல்ல. கெட்டிப் பாறை.”

“அப்ப சத்தம்?”

“தெரியல ஐயா. தெரியாததுக்குக் கூலி வாங்க மாட்டேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கம்பிய உருவாம அப்படியே விட்டுட்டுப் போம்மா. கட்டியாச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. ஆளுக பயமில்லாம வருவாவ. ஒன் படிப்புக் கடன் மொத்தத்தையும் நான் அடைக்கேன்.”

காலையில்தான் பேங்கிலிருந்து அவள் அப்பாவிடம் கடை வாசலிலேயே வந்து கடனைக் கேட்டிருந்தார்கள். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். “சொல்லிட்டு வாட்டி. நாலு கம்பிதான!”

அவள் குனிந்து வயரை அவிழ்த்தாள். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினாள். நாலாவது வரவில்லை. கீழேயிருந்து யாரோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. கோபத்தோடு நானும் சேர்ந்து இழுத்தேன். காய்ந்த தரைக்குள்ளிருந்து வந்த கம்பியின் நுனி நனைந்திருந்தது. அவள் நாக்கில் வைத்தாள், முகம் வெளுத்துவிட்டது.

“என்னட்டி?”

“உப்பு ஆச்சி. பஸ் வந்துரும், நடங்க.”

பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். “படிச்ச படிப்பும் சோறு போடல, வந்த அதிர்ஷ்டத்தையும் ஒதைச்சிட்டே!”

“அங்கன என்னமோ இருக்கு. அதுக்கும் எனக்கும் நடுவுல பொய் வேண்டாம் ஆச்சி. அந்தக் கம்பிய விட்டுட்டு வந்தா, கடன் அடைஞ்சாலும் படிச்சது என்னோடது இல்ல.”

அடுத்த மாதம் ஒரிசாவில் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்துப் போனாள். சம்பளம் சுமார்தான். ஆனாலும் தவணை கட்டிய அன்று போன் வந்துவிடும்: “ஆச்சி, ஒரு கல்ல எடுத்து அந்தப் பக்கம் வைங்க.” பயந்துகொண்டே மாடி ஏறி எடுத்து வைப்பேன். இடது குவியல் இப்போது பாதிகூட இல்லை.

மாடியை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். “அங்கன பேய் இருக்கு, கல்லு தானா எடம் மாறும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவள் வந்தால் தங்க இடம் வேண்டாமா?