வழவழக் கொத்தனார் பேசிமுடித்த கல்யாணங்கள்

பதுளைக் கடைவீதியில் ஒரு காலத்தில் நடந்த கல்யாணங்களில் பாதிக்குமேல் ஜாதகப் பொருத்தத்தால் நடந்தவை அல்ல, சுண்ணாம்பால் நடந்தவை. இப்படி எழுதினால் அந்த வீதியின் பெரிய குடும்பங்கள் என்னோடு சண்டைக்கு வரும். வரட்டும். வருவதற்கு முன் தங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வரட்டும். அந்தச் சுவரைப் பூசியவர்தான் அவர்களுடைய சம்பந்தத்தையும் பேசிமுடித்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "பேரு என்னாத்துக்குத் தம்பி, சுவரைக் கேளு, அது சொல்லும்" என்றார். ஊருக்கு அவர் வழவழக் கொத்தனார். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து வெண்ணெயாக அரைத்து, சுவரில் இழைத்து இழைத்துத் தேய்ப்பார். அவர் பூசிய சுவரில் ஒரு ஈ உட்காரப் பார்த்து வழுக்கி விழுந்ததை நானே கண்டிருக்கிறேன். அந்த ஈக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்பார்கள் பொறாமைக்காரர்கள். பேச்சிலும் அதே வழவழப்பு. ஒரு கூடம் பூச மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்க வந்த வீட்டுக்காரர், அவருக்கே தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

நான் அப்போது சோலைமலை முதலாளியின் கடையில் சுண்ணாம்பும் ஆணியும் தகரமும் விற்றுக்கொண்டிருந்தேன். ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த நாட்கள் அவை. சுவர் பூசுகிறவர்கள் எல்லாரும் எங்கள் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஆகவே ஊரில் யாருக்கு வேலை இருக்கிறது, யார் வேலை இருப்பதாகப் பொய் சொல்கிறார் என்பது எனக்கு அத்துப்படி.

தேயிலை விலை திடீரென்று விழுந்தது. பங்களாக்களில் வருஷம் தவறாமல் சுவர் பூசிய துரைமார், வெடிப்பு விட்ட இடத்தில் படம் மாட்டி மறைத்துக்கொண்டார்கள். வெடிப்பு பெரிதானால் பெரிய படம். தோட்டத்து வேலை நின்றதும் கொத்தனாரின் கீழிருந்த ஆட்கள் முகம் வாடினார்கள். கடைவீதி வணிகர்களோ வீட்டில் கல்யாணம் வந்தாலொழியச் சுவர் பக்கம் திரும்பாத சாதி.

இந்தக் கடைசி விஷயம் கொத்தனாரின் மூளையில் போய் ஒட்டிக்கொண்டது.

"தம்பி, கல்யாணம் வந்தாத்தான் சுவர் பூசுவாங்க. சரி. கல்யாணம் வரலைன்னா?"

"வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், கொத்தனாரே."

"நாம ஏன் காத்திருக்கணும்? நாமளே கொண்டாந்துட்டா?"

முதல் பலி எங்கள் முதலாளியின் மகன். பண்டாரவளைக் கடைக்காரர் ஒருவருக்கு ஒரு பெண் இருந்தாள். கொத்தனார் எங்கள் முதலாளியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "எடம் நல்ல எடமுங்க. ஆனா அவங்க ஒரு மாதிரி. மாப்பிள்ளையக்கூடப் பொறகுதான் பாப்பாங்க. மொதல்ல சுவரைத் தடவிப் பாப்பாங்க." முதலாளி அன்றே கூடத்தைப் பூசச் சொன்னார். அது காய்ந்ததும் கொத்தனார் பண்டாரவளைக்குப் போய், எங்கள் முதலாளியைப் பற்றி இதே வார்த்தைகளை அங்கே சொன்னார். அங்கேயும் பூச்சு நடந்தது.

பெண் பார்க்கப் போன அன்று பழத்தட்டு சுமந்து நானும் போனேன். முதலாளி உள்ளே நுழைந்ததும் சுவரைத் தடவினார். சுவரை இவ்வளவு மதிக்கிற குடும்பத்தில் அதைக் கண்டுகொள்ளாமல் உட்காருவது மரியாதை இல்லை அல்லவா? பெண்ணின் தகப்பனார் அதைப் பார்த்து வியர்த்துப்போனார். கொத்தனார் சொன்னது அப்படியே நடக்கிறதே! பெண் வந்து கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தபோது மாப்பிள்ளையும் சுவரைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது.

அதன்பின் கொத்தனாருக்குக் கை ஓயவில்லை. பாத்திரக்கடைக்காரரின் தங்கை, அரிசிக்கடைக்காரரின் மகன், மறுமணமே வேண்டாம் என்று சத்தியம் செய்திருந்த ஒரு நெல் வியாபாரி என்று ஒவ்வொருவராக மாட்டினார்கள். துணிக்கடை முஸ்லிம் நானா ஒருவர்தான் முன்கூட்டியே எச்சரிக்கையானார். கொத்தனார் கடைப்படி ஏறும்போதே, "எங்க வூட்ல எல்லாருக்கும் முடிஞ்சிட்டு கொத்தனாரே, சுவரும் நல்லாத்தான் ஈக்கி" என்று சொல்லிவிடுவார்.

இந்த நேரத்தில்தான் பண்டாரவளையிலிருந்து ரயில் பாதை பதுளையை நோக்கி வரத் தொடங்கியது. பாலமும் ஸ்டேஷனும் கட்ட வந்த கூட்டத்தோடு, மதுரைப் பக்கத்து இளைஞன் ஒருவனும் பாதை வழியிலுள்ள தெமோதரையில் வந்து இறங்கினான். அங்கே வேலை ஓய்ந்த நாட்களில் அவன் ஊருக்குள் வந்து சுவர் பூசினான். கடுக்காய் இல்லை, கருப்பட்டி இல்லை. சீமெந்தையும் மணலையும் குழைத்து அப்பிவிட்டு, வாரம் முடிவதற்குள் கையைக் கழுவிவிடுவான். கூலி பாதி. ஊர் அவனுக்குச் சீமெந்து மேஸ்திரி என்று பெயர் வைத்தது.

கொத்தனார் ஊர் ஊராக நடந்து சம்பந்தம் பேசிமுடிப்பார். சுவர் பூச வீட்டுக்காரர் சீமெந்து மேஸ்திரியைக் கூப்பிடுவார். "சோறு ஆக்குனது நானு தம்பி! எலையப் போட்டு அவன் உக்காந்துட்டான்!" என்று கடையில் வந்து கொதித்தார்.

வேறு வழியில்லாமல் கூலியைக் குறைத்தார். அவன் இன்னும் குறைத்தான். இவர் சமையலறையை இனாமாகப் பூசுவதாகச் சொன்னார். அவன் மாட்டுக்கொட்டகையையும் சேர்த்துக்கொண்டான். எங்கள் முதலாளி கிடங்கைப் பூச இருவரிடமும் மாறி மாறி ஆள் அனுப்பினார். இன்னும் ஒரு தடவை அனுப்பியிருந்தால் இருவரும் அவருக்கே கூலி கொடுத்திருப்பார்கள். வணிகர்கள் இரண்டு கொத்தனாரும் நீடூழி வாழக் கதிரேசன் கோயிலில் அர்ச்சனை செய்யாத குறைதான்.

இதில் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. கொத்தனாரின் ஆட்களில் இரண்டு பேர் கொஸ்லந்தையில் புல்வெட்டப் போய்விட்டார்கள். அவர் கடைக்கு வந்தால் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்ப்பார், வாங்காமல் போவார். பேச்சுகூடக் குறைந்துவிட்டது. ஊருக்கே அது பயமாக இருந்தது.

ஒருநாள் பழைய வெளிச்சம் முகத்தில் திரும்ப, கடைக்குள் வந்தார்.

"தம்பி, அந்தப் பயலுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லை என்றுதான் கேள்வி."

"அதான பாத்தேன்! ஒத்த வயிறு. அதான் பாதிக்கூலிக்குப் பூசுறான். குடும்பம்னு ஒண்ணு வரட்டும், முழுக்கூலி கேக்காம எங்க போவான்?"

எதிரியை ஒழிக்க வெட்டுவார்கள், குத்துவார்கள், சூனியம் வைப்பார்கள். பெண் பார்த்துக் கொடுத்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேச்சி என்று ஒரு பெண் இருந்தாள். தகப்பன் இல்லை. தாயும் நான்கு தம்பிமாரும் அவள் பொறுப்பு. தம்பிமார் நால்வரும் வாட்டசாட்டமானவர்கள். சோற்றுப்பானையைக் கண்டால் காலையில் தோட்டத்து ஆட்களை எண்ணும் பெரட்டுக்கு வரிசை கட்டுவதுபோல் வந்து நிற்பார்கள். கொத்தனார் தேடித் தேடி எடுத்த இடம் அது. படித்த ஆள் ஒருவன் கூட வந்தால் மதிப்பு என்று என்னையும் இழுத்துப் போனார்.

அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில், கொத்தனாரின் பேச்சில் மயங்கி மாப்பிள்ளையாக வந்த சீமெந்து மேஸ்திரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பேச்சி நேராகவே கேட்டாள்: "சுவர் பூச என்னா கூலி வாங்குறீங்க?"

"மத்தவங்க வாங்குறதுல பாதி" என்றான் பெருமையாக.

"அப்போ பாதிப் பொண்டாட்டி எங்கயாச்சும் கெடைச்சாக் கட்டிக்கங்க."

கொத்தனார் மகிழ்ச்சியில் என் தொடையைக் கிள்ளினார். மாப்பிள்ளை நிமிர்ந்து பேச்சியைப் பார்த்தான். பார்த்தவன் பிறகு குனியவே இல்லை. கூலியை உயர்த்துவதாக அங்கேயே வாக்குக் கொடுத்தான். கல்யாணம் நடந்தது. எல்லாம் கொத்தனார் நினைத்தபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. நான்கு தம்பிமாரும் கொத்துவேலையில் இறங்கிவிட்டார்கள். இதுவரை ஒருவன் குறைத்த கூலியை இனி ஐந்துபேர் குறைத்தார்கள். பெண் பார்க்கும்போது கொடுத்த வாக்கை, ஐந்துபேருக்கும் வேலை வேண்டுமே என்ற பசி தின்றுவிட்டது.

கொத்தனார் ஹாலிஎலவுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். அடிதடி வந்தால் விலக்கிவிடலாம் என்று.

"பேச்சி! ஒருத்தனைக் கட்டிவச்சா அஞ்சு பேராத் திருப்பிக் குடுத்துட்டியே தாயீ!"

அவள் இருவருக்கும் தேத்தண்ணி வைத்துவிட்டுப் புருஷனையும் கூப்பிட்டு உட்கார்த்தினாள். "நீங்க கொறைக்கிறீங்க. இவரு அதுக்கும் கீழ போறாரு. மிச்சமாவுற காசு யாரு பெட்டிக்குப் போவுது மாமா? ஒங்க வீட்லயும் இல்ல, எங்க வீட்லயும் இல்ல."

கொத்தனார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு முதலாளிமார் பெட்டியில்தான் போய் நின்றது.

"இனிமே வீட்டுக்கு உள்ளுக்குள்ள நீங்க, சுண்ணாம்பு. வெளிச்சுவரும் சமையக்கட்டும் இவரு, சீமெந்து. கூலி ரெண்டு பேருக்கும் ஒண்ணு. யாராச்சும் கொறைச்சா எங்கிட்ட வந்து பதில் சொல்லணும்."

கடைசி வாக்கியம்தான் ஒப்பந்தத்தைக் காப்பாற்றியது.

மறுவாரம் எங்கள் முதலாளி வழக்கம்போல் இரண்டு பக்கமும் ஆள் அனுப்பினார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கூலி திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், அதே கூலி. "அநியாயம்! கூடிப் பேசி வெல வைக்கிறானுங்க! இது சதியில்லாம வேறென்னா?" என்று கத்தினார். கத்திவிட்டு, தகரத்துக்கு இந்த வாரம் என்ன விலை வைப்பது என்று மற்ற முதலாளிமாரோடு கூடிப் பேசப் பின்கட்டுக்குப் போனார். அதற்குப் பெயர் சதி அல்ல, வியாபார ஒற்றுமை.

கொஸ்லந்தைக்குப் போன ஆட்கள் திரும்பி வந்தார்கள். கொத்தனாரின் பேச்சும் திரும்பி வந்தது.

அந்த வருஷமே ஒரு காலையில் கடை திறக்கும்போது வந்து, "தம்பி, சட்டைய மாத்திக்கிட்டு வா" என்றார். எனக்குப் பெண் பார்க்கத் தெமோதரைக்குக் கூட்டிப்போனார். பண்டகசாலைக் காவல்காரர் ஒருவர் மகள். பலகை அடித்த ஒற்றை அறையில் இருந்தார்கள். நானும் கடையின் மேல் பரணில், தகரத்துக்கு நடுவில் படுத்துக் கிடந்தவன்தான். இரண்டு தரப்பிலும் சுவர் என்று சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "இதிலே ஒங்களுக்கு என்ன லாபம், கொத்தனாரே?"

அவர் நகத்திலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே முன்னால் நடந்தார். "இன்னைக்குச் சும்மா இருந்தேன். அதான்."

அவர் அன்று சும்மா இருக்கவில்லை. கையில் வந்த பங்களா வேலை ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார். என் கல்யாணப் பந்தியில் பேச்சி சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது.