மூன்று தொட்டி டேலியா

மனைவி கிழங்கு புதைத்துவிட்டுப் போய்ப் பதினெட்டு நாளாகியும் பால்கனியில் இருந்த மூன்று தொட்டிகளிலும் ஒரு முளையைக் காணோம். கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடாத எதையும் திறந்து பார்த்துவிடுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம்.

மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் கிளம்பும்போது மனைவி ஒரே ஒரு பாடம்தான் நடத்தினாள். டேலியாப் பூச்செடியின் கிழங்கு, தண்டு ஒட்டியிருக்கும் கழுத்துப் பக்கம்தான் முளைக்கும். முளை தலைகாட்டும்வரை தண்ணீரும் கூடாது, தோண்டவும் கூடாது. போன வருடம் இவர் பாசமாக ஊற்றி ஊற்றியே அத்தனையையும் அழுக வைத்திருந்தார். அவள் திட்டவில்லை. காலித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். ஒரு வாரம் பேச்சில்லை. இன்னொரு முறை அப்படி ஒரு வாரம் இவரால் தாங்காது.

சும்மா பார்க்கத்தானே போகிறோம் என்று, கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு இடுக்கியால் மண்ணை விலக்கினார். கழுத்தையும் காணோம், முளையையும் காணோம். துழாவியதில் கிழங்குகள் கீறிப்போனதுதான் மிச்சம்.

பாவமாக இருந்தது. தெம்பு வரட்டும் என்று ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டார். மறுநாள் இன்னொன்று. ஐந்தாம் நாள் வாடை கிளம்பியது. ஈரத்தைப் போக்க மனைவி தலை உலர்த்தும் மிஷினைப் பிடித்தார். அழுகினது போக மிச்சம் வெந்தது.

தலையில் கை வைத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனவர், சர்க்கரைவள்ளிக் கூடைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். நிறம், பருமன், எல்லாம் அச்சு அசல் அதே. மூன்று வாங்கிவந்து புதைத்தார். இந்தத் தடவை மனிதர் தொடவே இல்லை.

அதனாலேயோ என்னவோ, பத்தே நாளில் ஜோராக முளைத்தது. போட்டோ எடுத்து அனுப்பினார். மனைவி போனில் வெகுநேரம் இருமினாள்.

“நல்லா வந்திருக்கு. கையை மட்டும் வைக்காதீங்க.”

பாராட்டு முள்ளாகக் குத்தியது. கொடியோ கம்பியைப் பிடித்து ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கீழ்வீட்டுத் துணிக்கொடிவரை போய்விட்டது. டேலியா இப்படிப் படராது என்று இவருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? வெட்டிவிட்டார். வெட்டிய இடத்தில் இரண்டாகக் கிளைத்தது. அவள் நாளைக்கு வருகிறாள்.

பட்டுப்போய்விட்டது, புதுச்செடி எங்கிருந்தோ முளைத்தது என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். கிழங்கு வாங்கியது மட்டும் வெளியே வரக்கூடாது. நேரே கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, நாளைக்கு எங்க வீட்ல வர்றாங்க. உங்ககிட்ட நான் மூணு கிழங்கு வாங்கினதை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.”

அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“நான் எதுக்குண்ணே சொல்றேன்? ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு அக்காவும் இதே கிழங்கு மூணு வாங்கிட்டு, இப்ப எங்க மாடியில மொட்டு விட்டு நிக்குதே டேலியா, அதோட கிழங்கை என்கிட்ட கொடுத்துட்டு, இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க, ‘அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு.”