ரதி பலூன் ஊத மாட்டாள்

நோட்டன் பிரிட்ஜ்,
செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான், சட்டத்தரணி முத்துலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கச்சி புருஷன் சுதாகரன் பணிவோடு எழுதுவது. இங்கே நான், தங்கள் தங்கச்சி சண்முகவடிவு, மகள் லோஜினி, ஆட்டோ எல்லாம் சுகம். கொழும்பில் தாங்களும் பிரேமினி அக்காவும் சுகமாக இருக்கக் காமன் சாமி காக்கட்டும். போனில் பேசினால் "கோர்ட்டுக்குள்ள இருக்கேன்" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் பெரிது. உச்ச நீதிமன்றத்தில் பொலிசுக்கு எதிராக அடிப்படை உரிமை மீறல் வழக்கு ஒன்று போட வேண்டும். மனுதாரர் நான். வெற்றி நிச்சயம். தீபாவளிக்கு வந்தபோது போத்தலும் கையுமாக என் ஆட்டோவிலேயே விடியும் வரை தூங்கினீர்களே, அப்போது பின்சீட்டில் விட்டுப்போன அரசியலமைப்புப் புத்தகத்தை ஹயருக்கு ஆள் கிடைக்காத நேரமெல்லாம் படித்து முடித்துவிட்டேன். அதனால் சட்டப் பக்கத்தைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்த வருஷக் காமன் கூத்தில் நான் ரதி வேஷம் என்பது தங்களுக்குத் தெரியும். லோஜினி காய்ச்சலில் கிடந்து கண் திறக்காமல் இருந்தபோது வைத்த நேர்த்தி. இந்த மாசியோடு நிறைவேறுகிறது. காப்புக் கட்டியாயிற்று. கவிச்சி இல்லை, சாராயம் இல்லை, பிறர் வாய் பட்ட எதையும் தொடுவதில்லை. ஒரு காலத்தில் சிவன் வேஷம் கட்டியவர் தாங்கள், தங்களுக்கு நான் விரதம் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணக் கூத்தன்று வீட்டிலேயே சேலை கட்டி, மீசை எடுத்து, சவரி முடி வைத்து, மூக்குத்தி மாட்டி, பொழுது சாய்கிற நேரத்தில் சண்முகவடிவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காமன் பொட்டலுக்கு ஆட்டோவை விட்டேன். பெரிய வளைவில் சார்ஜன்ட் ஒருவர் கையைக் காட்டினார். லைசனைப் பார்த்தார். அதில் மீசைக்காரன். என்னைப் பார்த்தார். மறுபடியும் லைசனைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், குடித்திருக்கிறோமா என்று ஊதிப் பார்க்கிற பலூனை நீட்டி, "பிம்பின்ன, மல்லி" என்றார். ஊது தம்பி என்று அர்த்தம்.

நான் ஊதவில்லை. ஏன் ஊத வேண்டும்? ஆட்டோ நேராகத்தான் போனது, நானும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். "மாத்தயா, என் மேல என்ன சந்தேகம்? சந்தேகம் இருந்தா நிப்பாட்டுங்க. சும்மா போறவன நிப்பாட்டி, நீ குடிக்கலன்னு ஊதிக் காட்டுன்னா, நிரூபிக்க வேண்டியது நானா நீங்களா? பத்தாவது உறுப்புரையில மத சுதந்திரம் இருக்கு. ரதி கண்டவங்க வாய் வச்ச பலூன ஊத மாட்டா" என்றேன். அந்த மனுஷனுக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருந்தது. "பலூன் புதுசு மல்லி, பாக்கெட்டு பிரிக்கவே இல்ல. நான் எல்லாரையும் நிப்பாட்டுறது. காலையில தோட்டத்துப் பெரிய தொரையையும் ஊத வச்சேன். எல்லாரும் சமம்னும் அந்தப் புத்தகத்தில இருக்குதானே?" என்றார். இந்த வாதத்துக்குப் பதிலைத் தாங்கள் தயார் செய்துகொள்ளவும். எனக்கு அந்த இடத்தில் நேரம் போதவில்லை.

அதற்குள் தங்கள் தங்கச்சி, "ஊதித் தொலைங்க. அங்க மன்மதன் மாலையோட நிக்கிறான்" என்று கத்தினாள். நான் அசையவில்லை. அவள் இறங்கி வந்து, பூசைக்குக் கொண்டுவந்த செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைப் பலூன் மேலும் அதன் ஊதுகுழாய் மேலும் தாராளமாகத் தெளித்து, "தீட்டுப் போயிருச்சு, இப்ப ஊதுங்க" என்றாள். என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையோடு ஊதினேன். குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் மணிகள் குடித்தவன் ஊதினால் பச்சையாகுமாம். எங்களுடையது கரைந்து ரசமாக ஒழுகியது. சார்ஜன்ட் டோர்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு பலூன் எடுத்தார். அதற்கும் அபிஷேகம் நடந்தது. கடைசியில் தலையில் கை வைத்து, ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

உண்மையைச் சொல்கிறேன், ஜீப்பில் எனக்குப் பயம் வந்துவிட்டது. லைசன் போனால் சோறு போகும், கூத்து நின்றால் பிள்ளைக்கு வைத்த நேர்த்தி போகும். ஆஸ்பத்திரியில் டொக்டர் நிரூபா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "ஒற்றைக் காலில நில்லுங்கோ" என்றார். கூத்தில் ஆடுகிற கால் இல்லையா, சலங்கையோடு அசையாமல் நின்றேன். நோயாளிகள் கட்டிலை விட்டு வந்து பார்த்தார்கள். அரசியலமைப்பையும் கொஞ்சம் எடுத்துச் சொன்னேன். "இவர் குடிக்கேல்லை. கதைதான் கூட" என்று எழுதிக் கொடுத்தார். சார்ஜன்டே பொட்டல் வரை கொண்டுவந்து விட்டார். பொலிஸ் ஜீப்பிலிருந்து ரதி இறங்கியதைப் பார்த்துச் சனம் குலவை போட்டது. இந்த அவமானத்தையும் மனுவில் சேர்க்கவும்.

ஆகவே நாட்டில் எந்த வளைவிலும் காரணமில்லாமல் ஊதச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பு வாங்கித் தரவும். சனிக்கிழமை காமன் தகனம். வழக்குக் கட்டோடு வந்தால் கூத்தையும் பார்த்து, கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். பிரேமினி அக்காவுக்கு எங்கள் அன்பு. ரதி மன்மதன் அருளால் தங்கள் கறுப்புக் கோட்டு என்றும் தோற்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உரிமை இழந்த, நம்பிக்கை இழக்காத
சுதாகரன்.

பி.கு: கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று வியாழன். நேற்று கூத்துப் பழகிவிட்டு வந்த பிள்ளைகளைக் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏற்றி வந்தவன் ஜீவராஜ், இந்த வருஷம் எங்கள் சிவன். காப்புக் கட்டின கையோடு குடித்திருக்கிறான். அதே வளைவு, அதே சார்ஜன்ட். பலூன் குழாய் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. லொறியில் லோஜினியும் இருந்தாள் மச்சான். எந்தப் பிள்ளைக்காக விரதம் இருக்கிறேனோ அந்தப் பிள்ளை.

வழக்கு வேண்டாம். வேஷக்காரர் எல்லாரும் ஊதிவிட்டுத்தான் பொட்டலுக்குள் வர வேண்டும் என்று கூத்துக் கமிட்டியில் நானே பிரேரணை கொண்டுவந்து, முதல் ஆளாக ஊதினேன். சனிக்கிழமை காமனை எரிக்கச் சிவன் இல்லை. தாங்கள்தான் கட்ட வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது. கடிதத்தைக் கொழும்பு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், கிடைத்த கையோடு விரதத்தைத் தொடங்கவும். சனிக்கிழமை வளைவில் சார்ஜன்ட் நிற்பார், நான் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கள் தங்கச்சியும் ஒன்று சொல்லச் சொன்னாள்: "அண்ணே, உங்க பலூனுக்கு நான் மஞ்சத் தண்ணி தெளிக்க மாட்டேன்."