வலிக்கு ரெண்டு மதிப்பெண்

நாள்பட்ட வலியால் அவதியுறும் பொதுமக்களுக்குத் தகவல் தேவைப்படுகிறது என்பதை நீண்ட ஆலோசனைக்குப் பின் ஓர் அலுவலகம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு கோவை கணபதியில் ‘நாள்பட்ட வலி தகவல் மற்றும் கல்வி மையம்’ ஒன்றைத் திறந்தும் போட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள், ஆளுக்கொரு சால்வை போர்த்திக்கொண்டார்கள். தகவலை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பாவாத்தாளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல். கோவிந்தராஜுலு பட்டறையில் பதினெட்டு வருசமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறாள். அதில் பதினோரு வருசமாக இடுப்பு வலி. உட்கார்ந்து வேலை செய்தால் இடுப்பு இன்னும் கெடுமா, சும்மா படுத்துக் கிடந்தால்தான் கெடுமா? டாக்டர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்களே தவிர, இதை ஒரு மகராசனும் சொல்லவில்லை. முதலாளியோ, “அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லிப்போடு அம்மணி. முடியாதுன்னா வேற ஆளப் பாக்கோணும்” என்றுவிட்டார். வேலையை விட்டால் ஊட்டில் உலை வைப்பது யார்? அரை நாள் லீவு போட்டு மையத்துக்கு ஓடினாள்.

அங்கே தகவல் அலுவலர் லட்சுமணசாமி எழுந்து நின்று வரவேற்றார். தங்கமான மனுசன்.

“வாங்கம்மா, உக்காருங்க. என்ன தெரிஞ்சுக்கோணுங்க?”

சொன்னாள்.

“அருமையான கேள்விங்க. ஆனா தகவல் குடுக்கறதுக்கு முந்தி, உங்களுக்குத் தகவல் தேவைப்படுதான்னு மதிப்பீடு பண்ணோணுங்களே.”

“தேவைப்படறதுனாலதானுங்க வந்திருக்கறேன்.”

“அது நீங்க சொல்றதுங்கம்மா. படிவம் சொல்லோணுங்க.”

படிவத்தில் எழுபத்திரண்டு கேள்விகள். மடக்கு நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இடுப்பு கழண்டு தனியாக வந்துவிடும் போலிருந்தது. கடைசிக் கேள்வி வந்தது.

“பூச்சியத்துல இருந்து பத்துக்குள்ள, உங்க வலி எத்தனைங்க?”

ஒன்பது என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த மனுசன் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாரே! மூஞ்சிக்கு நேராக ஒன்பது என்று எப்படிச் சொல்வது? போன இடத்தில் வலியைக் கொட்டுகிற வழக்கம் நம் ஊரில் ஏது?

“பரவாயில்லீங்க. ஒரு ரெண்டு போட்டுக்குங்க.”

லட்சுமணசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ரொம்ப சந்தோசமுங்க! நாலுக்குக் கீழ இருந்தா நாள்பட்ட வலிக் கணக்குலயே வராதுங்க. உங்களுக்குத் தகவல் தேவையே இல்லீங்க!”

அந்த மாதம் வந்த நூற்றுப் பதினாலு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். ஆளுக்கு ரெண்டு போட்டார்கள். தேங்காய் மூட்டை தூக்குகிற உடுமலைக்காரர் ஒருவரை ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர், “எனக்கு ஒண்ணே போதுமுங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அறிக்கை மேலே போனது. மேலிடம் பூரித்துப் போனது. சராசரி வலியை இரண்டுக்கும் கீழே கொண்டுவந்த முன்மாதிரி மையம் என்று கேடயம் வந்தது. கூடவே ஓர் ஆணையும் வந்தது: வலியே இல்லாத ஊரில் வலியைப் பற்றிய தகவல் தேவைப்படாதபடியால், குறிக்கோள் இனிதே நிறைவேறிய இம்மையம் மூடப்படுகிறது. நிறைவு விழாவில் பாவாத்தாளுக்கும் ஒரு சால்வை கிடைத்தது. ‘இவருக்கு வலி ரெண்டே’ என்ற குறிப்போடு போட்டோ பேப்பரிலும் வந்தது.

கோவிந்தராஜுலு அதைப் படித்தார். “அட, வெறும் ரெண்டுதானா அம்மணி! நான் என்னமோ ஏதோன்னு பயந்துபோட்டேன்.” வேலை நிலைத்தது. அடுத்த மேசைக்காரியின் மோட்டார்களும் சேர்ந்து இவள் மேசைக்கே வந்தன.

பாவாத்தாளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, முக்கால்வாசி தன் மேலேதான். ‘வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?’ என்று தன்னையே திட்டிக்கொண்டு, விழாதானே முடிந்தது, ஆளாவது இருப்பார்கள் என்று, மார்க்கைத் திருத்தி ஒன்பது போடச் சொல்ல மறுநாள் காலையிலேயே போனாள்.

மையம் பூட்டியிருந்தது. வாசலில் அறுபது பேர். எல்லாம் ரெண்டு போட்ட ஆட்கள். அடுத்த தெரு பங்காரம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க்கா, முழங்காலுக்கா வந்தீங்க?”

“சேச்சே! காய் வாங்கப் போனேன் கண்ணு, கூட்டமா இருக்குதேன்னு நின்னேன். நீ?”

“நானும் சும்மாதானுங்க்கா.”

பெயர்ப்பலகையைக் கழற்ற வந்த லட்சுமணசாமி கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். “ஏனுங்க, இன்னும் வலி இருக்கறவங்க ஆராச்சும் இருக்கறீங்களா? ஒருத்தர் கை தூக்குனாப் போதுமுங்க. இப்பவே போன் போட்டு மூட வேண்டாம்னு சொல்லிப்போடறேன்.”

பாதிப் பேருக்குத் தோள் வலி, கை மேலே வராது. மீதிப் பேர் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். பாவாத்தாள் கையைத் தோள்வரைக்கும் தூக்கிவிட்டாள். பங்காரம்மா திரும்பிப் பார்த்தாள். தூக்கிய கை கொண்டையைச் சரி பண்ணிவிட்டுக் கீழே இறங்கியது.

“அப்பச் சரிங்க” என்றார் லட்சுமணசாமி. “இந்தப் பலகைய எறக்க ஆராச்சும் ஒரு கை குடுக்கறீங்களா?”

கேட்க வேண்டுமா! அறுபது பேரும் நான் நீ என்று முண்டியடித்து ஓடினார்கள். எட்டடி இரும்புப் பலகை. ஒரு முனையைப் பாவாத்தாளே பிடித்தாள்.

“பாத்துங்க, பாத்துங்க!” என்று பதறினார் லட்சுமணசாமி. “குனிஞ்சு தூக்காதீங்க, இடுப்பு புடிச்சுக்கும்!”

மையம் பொதுமக்களுக்கு வழங்கிய முதல் தகவல் அதுதான்.