ஸ்டேஷன் சந்தும் சர்வீஸ் சாரும்

ஊரப்பாக்கத்தில் எங்கள் நகரில் வீடு கட்டி, ‘சர்வீஸ்’ சாரிடம் திட்டு வாங்காமல் கிரகப்பிரவேசம் செய்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பால் பொங்கும் நேரத்துக்குச் சரியாக வாசலில் வந்து நிற்பார். வாழ்த்த அல்ல, தெருவை எவ்வளவு விழுங்கியிருக்கிறோம் என்று அளக்க.

எங்கே போனாலும் நடைதான், நடராஜா சர்வீஸ் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். எங்கள் மனைப்பிரிவுக்குப் படம் வரைந்த டிராஃப்ட்ஸ்மேன் அவர்தான். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மாவு மில் எல்லாம் நடக்கும் தூரத்தில் வரும்படி வரைந்து, கடைசித் தெருவிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு நாலடி அகலத்தில் ஒரு சந்தும் விட்டிருந்தார். கார் நுழையக் கூடாது என்றே நாலடி.

நாங்கள் என்ன செய்தோம்? தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவில் ஒரு கார் கிடையாது, ஆனால் வீட்டுக்கு வீடு போர்டிகோ. என்றைக்காவது வாங்குவோமே! அதுவரை அதில் துணி காய்ந்தது. வராத கார் ஏறுவதற்கு ஆளுக்கு நாலடி தெருவை வளைத்து சிமெண்டில் சரிவு வேறு. சைக்கிள்கூட இல்லாத நானும் பூசினேன்.

“இன்னா சார், நடுத்தெருல சறுக்கு மரம் வுட்டுகீற?”

“கார் வாங்கினா ஏத்தணும்ல சார்.”

“வாங்காத காருக்கு வழி வுடுற, நடக்கற பொம்பளைக்கு வுட மாட்டியா? உன்னியெல்லாம் எவன் வேலைக்கு வெச்சான்?”

கேட்டது என் மாமனார் முன்னிலையில். மாமனாரும் தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரைப் பொட்டலம் கொடுத்து, எங்கள் நகருக்கு வெகு அப்பால் மனை காட்ட ஆட்களை ஏற்றிவந்த வேனை அங்கேயே போய் மறித்தார். “ஸ்டேஷன் அஞ்சு நிமிசம்னியே, நடந்து காட்டு” என்று விற்பனைக்காரனை இறக்கினார். உச்சி வெயிலில் நாற்பது நிமிடம் ஆனது. விற்பனைக்காரன் ஸ்டேஷனிலேயே ரயிலேறிப் போய்விட்டான்.

எல்லாவற்றுக்கும் சிரித்தோம். பிறகு சங்கச் செயலாளர் நிஜமாகவே கார் வாங்கினார். அவர் வீடு அந்த நாலடிச் சந்தை ஒட்டியது. கார் ஷெட்டுக்கு நாலடி குறைந்தது. சங்கக் கூட்டத்தில், “சந்தை மூடிடலாம், திருட்டு பயம் போகும். ஆட்சேபணை உண்டா?” என்றார். எவனும் வாய் திறக்கவில்லை. சந்துக்காகப் பேசினால் அவனவன் சரிவை இடிக்க வேண்டிவருமே! தாம்பரத்தில் நர்ஸாக இருந்த என் மனைவி தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் ஏழு பத்து ரயிலைப் பிடித்தாள். அது தெரிந்தும் நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

கொத்தனார் வந்த அன்று சர்வீஸ் சந்தில் படுத்துவிட்டார். நான்கு பேர் தூக்கி வெளியே விட்டார்கள். மாடியில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்: “உன் பொண்டாட்டிதான்யா லாரில அடிபடணும்! நின்னு வேடிக்க பாரு!”

சுவர் எழும்பியது. ஸ்டேஷனுக்குப் போகும் பெண்கள் இனி ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். லாரிகள் தோளை உரசும். மறுநாள் காலை ஆறரைக்கு சர்வீஸ் தெருமுனையில் நின்றார். ஏழு பெண்களை உள்பக்கம் விட்டு, தான் லாரிப் பக்கம் நடந்தார். மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் போனேன். “உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?” என்றேன்.

“என் தப்புதான் சார். சந்துல ரெண்டு பக்கமும் வூட்டு வாசலு வெச்சிருந்தா எவனும் மூடியிருக்க மாட்டான். மனுசன நம்பி வரஞ்சிட்டேன்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த ஞாயிறே கடப்பாரை எடுத்து என் வீட்டுச் சரிவை இடித்தேன். திங்களன்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்தேன். செயலாளர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ரொம்ப நல்லது.

சுவரை இடிக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை ஒருநாள்கூட சர்வீஸ் அந்தப் பெண்களைத் தனியே விடவில்லை. சந்து திறந்த அன்று அவரைக் காணோம். கால் வீங்கிப் படுத்திருந்தார். என் மனைவி ரயிலை விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணே, சந்தைத் திறந்துட்டாங்க!”

“தொறந்தா அதுல நடக்காம இங்க இன்னாம்மா வேல? ரயிலு உனக்கோசரம் நிக்குமா? அறிவு கீதா ரெண்டு பேருக்கும்?”

அரை மணி நேரம் திட்டினார். அவர் தூங்கிய பிறகும் எங்களுக்கு எழுந்து வர மனம் வரவில்லை.